விட்டு விட்டு, விட்டுவிட்டு

அக்கா மருந்துக்கடை வாசலில் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது, சின்னவள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிய இரண்டு பலகைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் உத்தியோகம். பசை ஆராய்ச்சி. எது எதோடு எவ்வளவு நாள் ஒட்டியிருக்கும், எவ்வளவு பலமாக இழுத்தால் பிரியும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் செருப்பு நடுத்தெருவில் வாயைப் பிளக்காமல் இருப்பது இவளைப் போன்றவர்களால்தான்.

கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆட்டோ பிடித்து ஓடினாள். அக்கா மருத்துவமனைக் கட்டிலில், நெற்றியில் தையலோடு, கையில் குளுக்கோஸ் ஊசியோடு, எதுவுமே நடக்காதவள் போல் படுத்திருந்தாள். மருந்துக்கடைக்காரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலையாம்," என்றார் அவர். "நல்ல வேளை, என் கண்ணெதிர்ல விழுந்தாங்க. மாடிப்படியில விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

சின்னவளுக்கு வந்ததே கோபம். "ஏன்க்கா சாப்பிடலை? சர்க்கரை மாத்திரை போடறவ இப்படிப் பட்டினி கிடக்கலாமா? உனக்கு என்ன பைத்தியமா?"

அக்கா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதானேடி எழுதியிருந்தே."

"நானா?"

"இன்னைக்குப் பேப்பர்ல. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாதுன்னு. நேத்து ராத்திரியோட மாத்திரை தீர்ந்துபோச்சு. கடையில கேட்டேன், சாயங்காலம்தான் ஸ்டாக் வரும்னாங்க. சரி, மாத்திரை இல்லாம சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்காளே, சாயங்காலமே சாப்பிட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

சின்னவள் அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.

விஷயம் இதுதான். பசை வேலை போக, அவள் ஒரு நாளிதழில் செவ்வாய்தோறும் 'ஏன் இப்படி?' என்று ஒரு பத்தி எழுதி வந்தாள். குளித்தால் கண்ணாடி ஏன் மங்குகிறது, வெங்காயம் ஏன் அழவைக்கிறது, மழைக்கு முன் ஏன் மண் மணக்கிறது, இந்த மாதிரி. நல்ல பெயர் இருந்தது. அந்த வாரம், சில மாத்திரைகளை ஏன் தினமும் போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். உடம்பை ஓர் ஓட்டை வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், மருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும், தினமும் ஊற்றினால்தான் மட்டம் குறையாது. இதுவரை பழுதில்லை. கடைசி வரிதான் வில்லங்கம். ஒரு நாள் போட்டு ஒரு நாள் போடாமல் இருக்கக் கூடாது என்கிற அர்த்தத்தில், 'மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடக் கூடாது' என்று முடித்திருந்தாள்.

அக்கா கைப்பையிலிருந்து பத்தியைக் கத்தரித்த துண்டை எடுத்து நீட்டினாள். அக்கா எல்லாப் பத்தியையும் கத்தரித்து வைப்பாள். பேருந்து நிலையத்தில் ஆயுசுக்கும் டிக்கெட் கிழித்தவள், இப்போது தங்கை எழுதியதைக் கிழிக்கிறாள். சின்னவள் கடைசி வரியைப் பார்த்தாள். 'விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது.' இரண்டு சொல்லுக்கும் நடுவில் அவள் விட்டிருந்த இடத்தைக் காணோம். யாரோ ஒட்டிவிட்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? அவளுக்குத் தெரியாதா!

அந்த நாளிதழில் பிழை திருத்துபவரை எல்லோரும் சந்தி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் மனிதர் உயிரையே வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வாழ்த்துச் சொல்வதற்கு முன் சிவப்புப் பேனாவை எடுப்பார். ஒரு தடவை ஆசிரியரின் விடுப்பு அறிவிப்பையே திருத்தி, அறிவிப்புப் பலகையில் மறுபடி ஒட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை சின்னவள் நாளிதழ் அலுவலகத்துக்குள் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நுழைந்தாள். சந்தி சாரின் மேஜைமேல் துண்டுத்தாளைப் போட்டாள்.

"இதைச் சேர்த்தது நீங்கதானே?"

சந்தி சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "ஆமா. துணைவினை. சேர்த்துத்தான் எழுதணும்."

"அது துணைவினை இல்லை சார். விட்டு, விட்டு. ரெண்டு தடவை. அடுக்குத்தொடர்!"

"அது உங்க மனசுக்குள்ள இருக்குங்க. தாள்ல இல்லை."

"தாள்ல நான் இடம் விட்டிருந்தேன்!"

"எல்லாரும்தான் கண்ட இடத்துல இடம் விடறாங்க. எதை வேணும்னு விட்டாங்க, எதைத் தெரியாம விட்டாங்கன்னு நான் ஜோசியமா பார்க்க முடியும்?"

"எங்க அக்கா செத்துப்போயிருப்பா சார்!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை மூடி வைத்தார், திறந்தார், மறுபடி மூடினார்.

சத்தம் கேட்டு ஆசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் நல்லவர்தான், ஆனால் எந்த வம்பிலும் தனக்கு ஒரு வசதியைப் பார்த்துக்கொள்கிற நல்லவர். "ரெண்டு வாசகர் வேற போன் பண்ணிட்டாங்க. ஊரே சந்தி சிரிக்குது," என்றார், தன் சிலேடையைத் தானே கவனிக்காமல். "நானும் ரொம்ப நாளா சொல்றேன், திருத்தறதுக்கு கம்ப்யூட்டர் போதும்னு. வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டம் இருக்கு. நீங்க வந்து நடந்ததைச் சொல்லிடுங்க மேடம். உங்க பிரதி சரியா இருந்துச்சு, அவர்தான் மாத்தினார்னு. அதோட அவரை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"சொல்றேன்," என்றாள் சின்னவள். கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. அனுப்பட்டும், நன்றாக அனுப்பட்டும்.

வெளியே வந்தபோது சந்தி சார் படிக்கட்டருகே நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. அந்த அறையின் சுவர் அப்படி.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றார்.

"இருக்கா."

"நான் கெஞ்ச வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நீங்க எழுதின மாதிரியே, இடம் விட்டே அச்சாகியிருந்தா, அவங்க சரியாப் படிச்சிருப்பாங்களா?"

"பின்னே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த இடைவெளி என்ன கைகாட்டி மரமா, பார்த்ததும் எல்லாரும் வழி தெரிஞ்சுக்க? சேர்த்து எழுதினாத்தான் தெளிவுன்னு நான் சொல்றேன். பிரிச்சாத்தான் தெளிவுன்னு நீங்க சொல்றீங்க. நீங்கதானே ஆராய்ச்சி பண்றவங்க?"

இந்த இடத்தில் அவள் 'போய்யா' என்று போயிருக்கலாம். ஆனால் பசைக்காரிக்கு அது முடியாது. எந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் ஒட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்துத்தான் பழக்கம். தன் வாக்கியத்தை ஒரு தடவைகூட இழுத்துப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சரி, பார்த்துடலாம்," என்றாள். "தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"அதை நான் சொல்லணும்."

மருந்துக்கடைக்காரம்மாவிடம் கேட்டபோது அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சாயங்காலம் கடையில் கூட்டம் அலைமோதும், நின்று அலுத்தவர்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்தால் போதும். சின்னவள் சின்னச் சின்னச் சீட்டுகள் அடித்துக்கொண்டு வந்தாள். பாதிச் சீட்டில் இடைவெளி விட்ட வரி, மீதிச் சீட்டில் சேர்த்த வரி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, வாடிக்கையாளர்களையே எடுக்கச் சொன்னாள். யார் எதை எடுத்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்தால் தன் கட்சி வரியை எடுத்தவருக்கு மட்டும் குரல் குழைந்துவிடும், மனுஷ புத்தி அப்படி. ஆய்வுக்கூடத்திலும் எந்தப் பலகையில் எந்தப் பசை என்று இழுப்பவருக்குச் சொல்வதில்லை.

முதலில் வந்தவர் படித்தார். "புரியுதா?" என்றாள் சின்னவள்.

"நல்லாப் புரியுதே."

அடுத்தவருக்கும் நல்லாப் புரிந்தது. அதற்கடுத்த அம்மாவுக்கு ரொம்ப நல்லாப் புரிந்தது. சின்னவள் எழுதிக்கொண்டே போனாள். மருந்துக்கடைக்காரம்மா மருந்து அட்டையைக் கத்தரித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா கேள்வி இது? யாராவது வரிசையில நின்னுக்கிட்டு, நாலு பேர் எதிர்ல, எனக்குப் புரியலைன்னு சொல்லுவாங்களா? நானே சொல்ல மாட்டேன்."

சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கேள்வி வேறு. "இதைப் படிச்சாச்சு. வீட்டுல மாத்திரை தீர்ந்துபோச்சு. அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

சொன்ன பதிலைச் சீட்டின் முதுகில், பிரித்துப் பார்க்காமல் எழுதி, இன்னொரு டப்பாவில் போட்டாள். சாப்பிட மாட்டேன் என்றார் ஒருவர். ரொட்டி மட்டும் சாப்பிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. சாப்பிட்டுவிட்டு மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வேன் என்றது ஒரு வழுக்கைத் தலை. கடைசியாக ஒரு தாத்தா, "மாத்திரையைத் தண்ணியில விட்டு, கரைச்சுச் சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் எப்பவும் முழுசாத்தான்மா முழுங்கறேன்," என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் ஓர் அர்த்தம் அதில் ஒளிந்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கடை மூடுகிற நேரத்துக்குச் சந்தி சார் வந்தார். சீட்டுகளைப் பிரித்து இரண்டு குவியலாக அடுக்கினார்கள். சேர்த்த வரியைப் படித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தப்பாகச் சொல்லியிருந்தார்கள். பிரித்த வரியைப் படித்தவர்களிலும் ஏறக்குறையப் பாதி. இந்தப் பக்கம் ஒன்றிரண்டு கூட, அந்தப் பக்கம் ஒன்றிரண்டு குறைய. அவ்வளவுதான். அவள் உயிராய் நினைத்த அந்த இடைவெளியை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.

"நானும் தோத்தேன், நீங்களும் தோத்தீங்க," என்றார் சந்தி சார். அவர் குரலில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. "சேர்த்தா தெளிவுன்னு ரொம்ப வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன்."

சின்னவள் அப்போதும் விடவில்லை. "சீட்டு கம்மி சார். இது ஒரே கடை. வேலை முடிஞ்சு களைப்பா வந்தவங்க. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"வாஸ்தவம். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

அவள் சீட்டுகளை அள்ளிப் பைக்குள் திணித்தாள்.

"போக வேண்டியதுதான்னா போறேன்," என்றார் அவர். "ஆனா வீட்டுல உட்கார்ந்து நான் என்ன பண்றது? தெருத் தெருவாப் போயி கடை போர்டெல்லாம் திருத்திக்கிட்டுத் திரியணும். பெயிண்ட் டப்பா வேற தூக்கணும்." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை. அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனாள். அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஜன்னலோரம் நாற்காலி, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, மாத்திரை டப்பா, நெற்றியில் கட்டு. சின்னவள் வழியெல்லாம் சப்பைக்கட்டு தேடிக்கொண்டே வந்திருந்தாள். சீட்டு கம்மிதான். மாற்றியது அவர்தான். தான் கொடுத்த பிரதியில் இடைவெளி இருந்தது, இதுவும் உண்மைதான். நாளைக்குக் கூட்டத்தில் இந்த உண்மையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது.

அடுத்த வாரத்துக்கான திருத்தத்தையும் எழுதி எடுத்து வந்திருந்தாள். இந்தத் தடவை இடைவெளியை நம்பவில்லை. யோசித்து யோசித்து எழுதியது.

"கேளுக்கா. 'மாத்திரையைத் தினமும் தவறாமல் போடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை சேர்த்துப் போடாதீர்கள்.' எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள் அக்கா உடனே.

எப்போதும் அக்கா சொல்வதுதான். ஒவ்வொரு செவ்வாயும் போன் வரும், 'நல்லா இருந்துச்சுடி' என்று. சின்னவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேவிட்டாள். அப்புறம் மருந்துக்கடைக்காரம்மா சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. தாளை மறுபடி எடுத்தாள்.

"சரி, இதைப் படிச்சுட்டே. காலையில மாத்திரை போட மறந்துட்டே. ராத்திரி என்ன பண்ணுவே?"

"என்னடி பரீட்சை வைக்கிறே?"

"சும்மா சொல்லு."

அக்கா மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சேர்த்துப் போடாதீங்கன்னு சொல்லியிருக்கே. நான் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ராத்திரி ஒண்ணாத்தான் முழுங்கறேன். சேர்த்துப் போடக் கூடாதுன்னா... சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு பிரஷர் மாத்திரையை விட்டுடுவேன்."

சின்னவள் தாளைக் கீழே வைத்தாள். ஒரு மாத்திரையைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைப் பறித்திருக்கிறாள். இங்கே எந்தச் சந்தி சாரும் இல்லை. வாய்விட்டுத்தான் படித்தாள். பேனா படவில்லை, அச்சு ஏறவில்லை, நேரே அவள் வாயிலிருந்து அக்கா காதுக்குப் போன வரி.

"தப்பா சொல்லிட்டேனா?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

"நீ தப்பா சொல்லலைக்கா. நான்தான் தப்பா எழுதியிருக்கேன்." சின்னவள் தரையில் அக்கா காலடியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லு. நான் எழுதறது எல்லாம் உனக்குப் புரியுமா?"

அக்கா டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். "பாதி புரியும். கண்ணாடி மங்கறது புரிஞ்சுது. அந்த மண்வாசனை தலையும் புரியலை வாலும் புரியலை."

"பின்னே நல்லா இருந்துச்சு நல்லா இருந்துச்சுன்னு போன் பண்ணினியே!"

"நல்லாத்தானே இருந்துச்சு? உன் பேரு போட்டிருந்துச்சே."

"புரியலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? செவ்வாய்க்கிழமை காலையில ஒரு போன் போட்டு, சாப்பிடலாமா வேண்டாமான்னு கேட்டிருந்தா..."

"என்ன கேட்கிறது? ஊருக்கெல்லாம் புரியற மாதிரி எழுதறவ நீ. உன் கூடப்பிறந்தவளுக்கே விளங்கலைன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றாள் அக்கா. "அதான், இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதாள். தன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஒருத்தி பட்டினி கிடந்து நெற்றியைப் பிளந்துகொண்டிருக்கிறாள், தானோ ஓர் இடைவெளிக்காக இன்னொரு மனுஷனின் வேலையைப் பறிக்கக் கிளம்பியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது. அக்கா ஒன்றும் புரியாமல், குளுக்கோஸ் ஊசி குத்தி வீங்கிய கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று இருவரும் உட்கார்ந்து அந்த வரியை உடைத்து உடைத்து எழுதினார்கள். சின்னவள் ஒன்று சொல்வாள், அதைக் கேட்டுத் தான் என்ன செய்வேன் என்று அக்கா சொல்வாள், சின்னவள் அடித்துவிட்டு வேறு எழுதுவாள். கடைசியில் நின்றது இதுதான்: 'மறந்துவிட்டால், அடுத்த முறை இந்த மாத்திரையில் ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டு வேண்டாம். மற்ற மாத்திரைகளை எப்போதும்போலப் போடுங்கள். மாத்திரை தீர்ந்துபோனாலும் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுவிட்டு, உடனே டாக்டரிடம் கேளுங்கள்.' அழகான நடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவைப் பார்த்த டாக்டருக்குப் போனில் அதைப் படித்துக்காட்டியபோது அவர் மட்டும், "இது போதும்," என்றார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைப் பார்த்தார். சந்தி சார் கோடியில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியனுப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"அந்த வரியைத் தப்பா எழுதினது நான்," என்றாள் சின்னவள். "இவர் சேர்த்தார், அது நிஜம். சேர்க்காம இருந்திருந்தாலும் பாதிப்பேர் தப்பாத்தான் படிச்சிருப்பாங்க. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்." பையிலிருந்த சீட்டுகளை மேஜைமேல் கொட்டினாள்.

ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "அப்போ யாரை மேடம் அனுப்பறது? உங்களையா?"

"வேணும்னா அனுப்புங்க. இந்தச் செவ்வாய்க்கிழமை பத்தி மட்டும் வரணும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இவர் பார்க்கணும். ஒற்று மட்டும் பார்த்தாப் போதாது. எந்த வரியில யார் தடுக்கி விழுவாங்கன்னும் பார்த்துச் சொல்லணும்."

ஆசிரியர் சீட்டுகளைப் புரட்டினார். மாத்திரையைத் தண்ணீரில் கரைக்கக் கூடாது என்ற தாத்தாவின் பதிலில் வந்து நின்றார். அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. தன் அம்மாவும் சர்க்கரை மாத்திரைதான் போடுகிறார் என்றார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யாரையும் அனுப்பவில்லை.

சந்தி சார் வெளியே வந்து, "ரொம்ப நன்றி," என்றார். "ஆனா அந்தத் தாத்தா சீட்டு முதுகுல 'கரைச்சு சாப்பிடக் கூடாது'ன்னு ஒற்று இல்லாம எழுதியிருக்கீங்க பாருங்க..."

"சார்!"

"சரி, சரி. விட்டுட்டேன்."

செவ்வாய்க்கிழமை பத்தி வந்தது. வாளியைப் பற்றி இரண்டு வரி, மாத்திரையைப் பற்றி அந்த மொட்டை வாக்கியங்கள், போன வாரம் தான் எழுதிய வரியில் என்ன கோளாறு என்று கொஞ்சம். சின்னவள் ஆய்வுக்கூடத்தில் பலகையை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வழக்கமான நேரம், வழக்கமான ஆள். 'நல்லா இருந்துச்சுடி' வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

அந்தப் பக்கம் பேப்பர் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சின்னவளே," என்றாள் அக்கா. குரல் தயங்கியது. "மாத்திரை விஷயம் புரிஞ்சுது. மேலே அந்த ஓட்டை வாளின்னு எழுதியிருக்கே பாரு, அது எனக்குப் புரியலை."

சின்னவள் இயந்திரத்தை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுக்கா," என்றாள். "எந்த இடம்?"